பட்டடையின் மூக்கு

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு இரண்டு கரைகள். இக்கரையில் என் அண்ணன் பார்ட்லியின் கொல்லுப்பட்டறை. அக்கரையில் கோல்மன் டெவேனியின் வீடு. நடுவில் ஏரி. அக்கரையில் நின்று பார்த்தால், பட்டறை வாசலுக்குள் சம்மட்டி இறங்குவதும் பொறி பறப்பதும் முதலில் தெரியும். ஓசை பிறகு நிதானமாகத் தண்ணீர் மேல் நடந்து வரும். மூடுபனி நாட்களில் ஓசை மட்டும்தான் வரும், எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியாது. ஏரி தன் அடியில் யாருக்கோ லாடம் அடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

என் பெயர் ஒனோரா. அம்மாவும் அப்பாவும் போனபின் அண்ணனுக்குச் சமைத்துப் போட்டு, கோழி வளர்த்து, கூடவே அவனுடைய வீம்பையும் வளர்த்தவள் நான்தான். கோல்மனுக்கும் எனக்கும் தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குமுன் நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் மறு வருஷம்தான். கோல்மன் என்னைக் கேட்க எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்னொரு வருஷம் என்பது எனக்கு விளையாட்டல்ல.

சண்டை நவம்பர் சந்தையில் தொடங்கியது. கோல்மன் தன் சாம்பல் நிறப் பெண் குதிரையைச் சந்தைக்குக் கொண்டுபோனான். அதற்கு முந்தின நாள்தான் அண்ணன் புது லாடம் கட்டியிருந்தான். வாங்க வந்தவன் குதிரையை நடத்திப் பார்த்தான், அது நொண்டியது. அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு குதிரை பார்க்கப் போய்விட்டான். கோல்மன் அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தான். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் பட்டறைக்குள் கால் வைக்கும்போது, "கடவுள் இந்த வேலையைக் காக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைவார்கள். சொல்லாமல் நுழைவது அடுப்பில் துப்புவதற்குச் சமம். கோல்மன் சொல்லாமல் நுழைந்தான்.

"ஆணிய சதையில எறக்கிட்ட, பார்ட்லி," என்றான்.

பட்டறை நிறைய ஆட்கள். துருத்தி ஊதிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். அண்ணன் சம்மட்டியைக் கீழே வைக்காமலே பேசினான்.

"என் ஆணிக்கு எங்க போவணும்னு தெரியும். நீ பொய் சொல்ற. ஒன் குதிரைக்கு நடக்கத் தெரியலன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

சாதுவான மனிதனைப் பத்துப் பேர் முன்னால் பொய்யன் என்று சொல்வது எளிது. கோல்மன் குதிரையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். அன்று இரவு அண்ணனுக்கு உருளைக்கிழங்கை வெண்ணெய் இல்லாமல் வைத்தேன். அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சில நாள் கழித்துப் புனித மார்ட்டின் திருநாள் வந்தது. அன்று எங்கள் ஊரில் எதுவும் சுழலக்கூடாது. மார்ட்டின் ஆலைச் சக்கரத்தில் அரைபட்டுச் செத்தார் என்று கதை. அதனால் வண்டி ஓடாது, மாவு ஆலை ஓடாது, ராட்டை சுற்றாது. பட்டறையும் பூட்டியிருக்கும். மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவள் பக்கத்துத் தோட்டத்து டீலியா காஹன். கெண்டிக்குக் கைப்பிடி உடைந்துவிட்டதாம். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று நாம் கேட்கலாம். டீலியாவுக்கு எல்லா இடத்திலும் வேலை உண்டு.

அவள்தான் பட்டடையை, இரும்பை வைத்து அடிக்கும் அந்தக் கனத்த இரும்புக்கட்டையை, பார்த்தாள்.

எங்கள் தாத்தா காலத்திலிருந்து அந்தப் பட்டடையின் மூக்கு, அதாவது அதன் கூரான முனை, மலையைப் பார்த்து இருந்தது. அன்று காலை ஏரியைப் பார்த்து இருந்தது. வாசல் வழியாக, தண்ணீர் தாண்டி, நேராகக் கோல்மன் வீட்டுப் புகைபோக்கியை.

கொல்லனுக்கு நெருப்பும் இரும்பும் போக இன்னோர் அதிகாரமும் உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெறும் வயிற்றோடு, யாரிடமும் பேசாமல், பட்டடையை இடஞ்சுழியாகத் திருப்பி ஒருவன் பெயரைச் சொன்னால் அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவான். சாபம் அநியாயமானதாக இருந்தால் கடைசியில் கொல்லன் வீட்டுக்கே திரும்பி வரும். டீலியா கைப்பிடியை மறந்துவிட்டு ஓடினாள். மத்தியானத்துக்குள் சேதி மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. அதுவும் ஊரில் எதுவுமே திரும்பாத நாளில் திருப்பியிருக்கிறான், அப்படியானால் எவ்வளவு ஆழமான சாபமாக இருக்கும் என்று பேச்சு. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

நான் அண்ணனிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றான். பின்னே ஏன் திருப்பினாய் என்றேன்.

"பட்டடை என்னோடது. திருப்புவேன், தலகீழாக் கவுப்பேன். ஒனக்கென்ன?"

சரி, மறுபடி மலைப்பக்கம் திருப்பிவிடு, பேச்சு அடங்கிவிடும் என்றேன். திருப்பினால் சாபம் போட்டதாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்றான். அதிலும் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கோல்மன் முதலில் சிரித்தான். பார்ட்லியின் மூக்கைவிட அவன் பட்டடையின் மூக்கு நீளம் என்றான். பிறகு ஒருநாள் அவன் வீட்டில் வெண்ணெய் திரளவில்லை. எல்லார் வீட்டிலும் ஒருநாள் திரளாமல் போவதுதான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதன்பிறகு சளி பிடித்தது. சளி இருமலாயிற்று. கிறிஸ்துமஸ் வந்தபோது அவன் படுக்கையைவிட்டு எழவில்லை. டவுனிலிருந்து வந்த டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நோய் எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிடட்டும் என்றார். பாதிரியார் பூசையில் மூடநம்பிக்கையை வெளுத்து வாங்கினார். அந்த வாரமே தன் குதிரைக்கு லாடம் கட்ட வந்தபோது, பட்டடையின் மூக்குக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்றதை நான் பார்த்தேன்.

நான் பகலில் படகெடுத்து அக்கரை போய்வருவேன். ஏரியின் நடுவில் போகும்போது மூடுபனியில் இரண்டு கரையும் மறைந்துவிடும். துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர், அண்ணனின் சம்மட்டி ஓசை, அவ்வளவுதான் உலகம். ஓசை முன்னாலிருந்து வரும், பின்னாலிருந்து வரும், சில சமயம் படகின் அடியிலிருந்து வரும். நான் துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு மிதந்துகொண்டிருப்பேன். கரை சேர்ந்தால் கோல்மன் இன்னும் கொஞ்சம் மெலிந்திருப்பான் என்று தெரியும். சேராமலே இருந்துவிட்டால் அவன் அப்படியே இருப்பானோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வரும். பயந்தேன், சொல்ல என்ன வெட்கம், ரொம்பப் பயந்தேன்.

அவன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பேசுவான்.

"நேத்தும் வந்துச்சு, ஒனோரா. பனிக்குள்ளேருந்து படகு மாதிரி மெதுவா வருது. முதல்ல மூக்கு. அப்புறம் முழுப் பட்டடை. தண்ணியில ஒரு அலைகூட இல்ல. ஜன்னலுக்கு வெளிய வந்து நின்னுகிட்டு என்னையே பாக்குது."

"பட்டடை பாக்காது, கோல்மன். அதுக்குக் கண்ணு இல்ல."

"மூக்கு இருக்கே," என்றான். நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அன்று இரவு எனக்கும் அதே கனவு வந்தது. என் கனவில் பட்டடை அக்கரைக்குப் போகாமல் ஏரியின் நடுவில் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜனவரி கடைசி நாள், புனித பிரிஜிட்டின் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், நாணல் முடைந்து செய்த சிலுவையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அதை நிலைக்கு மேலே செருகுவது வழக்கம். அண்ணன் தனியாக ஒரு ஆணியைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் அவனுடைய வலது கைப்பக்கம் போய் நின்றேன். சிலுவையை நீட்டினேன். அவன் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன். இன்னும் பக்கத்தில் நீட்டினேன். அவன் சீழ்க்கையடித்துக்கொண்டே தட்டினான். கோபத்தில் இருப்பவன் சீழ்க்கையடிக்க மாட்டான். என் கையை அவன் வலது கண்ணுக்கு முன்னால் மெதுவாக ஆட்டினேன். இமைகூட அசையவில்லை.

வெண்ணெய் இல்லாத உருளைக்கிழங்கு ஞாபகம் வந்தது. தட்டின் வலது ஓரத்தில்தான் வெண்ணெய் வைப்பேன்.

"அண்ணே," என்றேன். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "எப்போலேருந்து?"

அவன் சம்மட்டியைப் பட்டடை மேல் வைத்தான். துருத்தி தானாக ஒருமுறை மூச்சுவிட்டது. பிறகு சொன்னான். கோடையிலிருந்தே அந்தக் கண்ணில் பால் ஊற்றியதுபோல இருந்ததாம். நெருப்பைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கும் வந்ததுதான். மூக்கு மலையைப் பார்த்திருக்கும்போது வாசல் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழும். ஏரிப்பக்கம் திருப்பினால் அவன் நிற்கும் பக்கமும் மாறி, வெளிச்சம் இடப்பக்கம், நல்ல கண்ணுக்கு விழும். யாரும் வராத நாள் என்று மார்ட்டின் திருநாளைத் தேர்ந்தெடுத்துத் திருப்பியிருக்கிறான். வெளிச்சத்துக்காகத் திருப்பியது. அக்கரையில் யார் வீடு இருக்கிறது என்று அவன் நினைத்தும் பார்க்கவில்லை.

"அப்போ கோல்மன் குதிர?"

"ஆணி சதையிலதான் எறங்குச்சு," என்றான். "அவன் சொன்னது நெசம். நான்தான் பொய்யன்."

"அவன் செத்துக்கிட்டிருக்கான், அண்ணே."

"ஒத்தக்கண்ணன்கிட்ட எவன் குதிரயக் கொண்டாருவான், ஒனோரா? இது போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்?"

என் கையில் இருந்த நாணல் சிலுவை நசுங்கிவிட்டது. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். நீ கண்ணை மறைக்க என் புருஷனாகப்போகிறவனைப் புதைப்பாயா என்று கேட்டேன். அவன் கோட்டைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய் ஏரியைப் பார்த்து நின்றான்.

விடிந்ததும் நான் அக்கரை போய்க் கோல்மனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் கையைத் தட்டிக்கொடுத்தான். அண்ணனைக் காப்பாற்ற நல்ல கதை கட்டியிருக்கிறாய் என்றான். என்னால் அவனை அடிக்காமல் இருக்க முடிந்தது எப்படி என்று இன்றும் தெரியவில்லை.

நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் ஏரியைச் சுற்றி நடந்தே அக்கரை போயிருந்தான். அவன் சொன்னதையும் கோல்மன் நம்பவில்லை. கோல்மன் அழுதானாம். "நீ நல்ல மனுசன், பார்ட்லி. நான் நிம்மதியா சாவணும்னு ஒன் கண்ணையே கொற சொல்ற," என்றானாம். உண்மை மருந்தாகும் என்று நினைத்திருந்தோம். சாபத்தை நம்புகிறவனுக்குச் சாபம் இல்லை என்பது மருந்தில்லை. சாபம் போய்விட்டது என்றால்தான் மருந்து. அந்த இரண்டு மைல் தூரத்தை அண்ணன் எப்படி நடந்து திரும்பினான் என்று தெரியாது. வந்தவன் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்லப்போகிறேன் என்றான்.

சொன்னான். கோயில் சுவரோரம் எல்லா ஆண்களும் நிற்கும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தான்தான் கோல்மன் டெவேனியைச் சபித்ததாகவும், அது அநியாயம் என்றும், குதிரையின் குளம்பில் தவறு தன்னுடையது என்றும் சொன்னான். செய்யாததையும் செய்ததையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டான். கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் நடுவில் தனியாக நடந்து வந்தான். என் அண்ணன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பாசம் அதற்குமுன் வந்ததில்லை.

கோல்மனைப் போர்வையில் சுற்றி வண்டியில் கொண்டுவந்தார்கள். ஊரே பட்டறையில். வெளியே வெண்மையாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது, வாசலுக்கு அந்தப்பக்கம் உலகம் இல்லாததுபோல. சாபத்தை எடுக்க அண்ணன் இரும்பைக் குளிரவைக்கும் தொட்டியிலிருந்து கறுப்புத் தண்ணீரைக் கையில் அள்ளி மூன்று முறை கோல்மன் முகத்தில் தெளித்தான். பிறகு பட்டடையைத் திருப்பப் போனான். மூக்கைப் பிடிக்க வலது கையை நீட்டினான். கை ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. மறுபடி தடவித்தான் கண்டுபிடித்தான். நடுக்கம் என்று ஊர் நினைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மூக்கு வலஞ்சுழியாகத் திரும்பி மலையைப் பார்த்திருந்தது. கோல்மன் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் கோல்மன் முட்டை கேட்டான். மறுநாள் இரண்டு கேட்டான். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, கொஞ்சம் தொளதொளத்த கோட்டோடு, கோயிலில் எனக்கு மோதிரம் போட்டான். நான் அக்கரைக்காரியானேன்.

அண்ணனின் கதை வேறு விதமாகப் போயிற்று. வெளிச்சம் மறுபடி குருட்டுக் கண் பக்கம் விழுந்ததால் தன் கட்டைவிரலையே நசுக்கிக்கொண்டான். கண் விஷயம் வெளியே வந்தது. ஊர் அதை நொடியில் புரிந்துகொண்டது: அநியாய சாபம் வீடு திரும்பிவிட்டது, கண்ணைக் கேட்டு வாங்கிவிட்டது. எது முன், எது பின் என்று யாரும் கேட்கவில்லை. குதிரைகள் பாலத்துக்கு அப்பால் இருக்கும் பட்டறைக்குப் போகத் தொடங்கின. அக்கரையில் நான் காலையில் காது கொடுத்து நிற்பேன். ஏரி மேல் ஓசை வராது. பனி மட்டும் இருக்கும். என் கல்யாணத்தை அண்ணனின் அடுப்பை அணைத்து வாங்கியதுபோல இருந்தது.

ஒரு நாள் காலை கோல்மன் அந்தச் சாம்பல் நிறக் குதிரையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டான், நானும் கூட நடந்தேன். ஏரியைச் சுற்றிப் போகும்போது பனிக்குள் குதிரையின் தலை மட்டும் மிதந்து போனது. பட்டறை வாசலில் வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் இருந்தார்கள், டீலியா வாசலுக்கு நடுவில். அண்ணன் அணைந்த உலையோரம் உட்கார்ந்திருந்தான்.

"கடவுள் இந்த வேலையக் காக்கட்டும்," என்றான் கோல்மன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"வேல எங்க இருக்கு?" என்றான் அண்ணன்.

கோல்மன் குதிரையை என்னிடம் கொடுத்துவிட்டு நேராகப் பட்டடையிடம் போனான். இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்தான், தோளைக் கொடுத்தான். பட்டடை முனகிக்கொண்டு திரும்பியது. இடஞ்சுழியாக. மலையை விட்டு, ஏரிப்பக்கம், தன் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்து, முன்பு இருந்த அதே இடத்துக்கு. யாரோ சிலுவைக் குறி போட்டார்கள்.

"கோல்மன், யார் பேரச் சொல்லித் திருப்புன?" என்றாள் டீலியா, குரலே வராமல்.

"இன்னும் ஒன் பேரச் சொல்லலக்கா," என்றான். "வெளிச்சத்த மறைக்காமத் தள்ளி நில்லு."

டீலியா தள்ளி நின்றாள். வாசல் வெளிச்சம் உள்ளே வந்து அண்ணனின் இடது கன்னத்தில் விழுந்தது. கோல்மன் குதிரையின் ஆணி பட்ட காலைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு ஒன் கை காத்தப் புடிச்சப்பவே, கண்ணப் பத்தி நீ சொன்னத நம்பிட்டேன், மச்சான்," என்றான், மெதுவாக, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கும்படி. "வா. ஆணி எங்கேன்னு தெரியலன்னா என் வெரல் இருக்குற எடத்துக்குப் பக்கத்துல அடி."

அண்ணன் எழுந்து உலையில் நெருப்பு மூட்டினான். லாடம் செக்கச்செவேலெனப் பழுத்தது. ஒரே ஒரு முறை அவன் ஆணியை வைத்துவிட்டுத் தயங்கினான். கோல்மன் குளம்பின் ஓரத்தில் விரலை வைத்தான், எடுக்கவில்லை. அண்ணன் அடித்தான். ஆணி நேராக இறங்கியது. குதிரை காலை உதறவில்லை.

நான் அவர்களை விட்டுவிட்டு முன்னால் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில், பனிக்குள், அண்ணனின் சம்மட்டி ஓசை என்னைத் தாண்டிப் போய் அக்கரையில் எங்கள் வீட்டை எட்டியது. நான் போய்ச் சேர்ந்து அடுப்பில் தண்ணீர் வைக்கும்வரை அது நிற்கவில்லை.